படலையிலிருந்து படி வரை: மாரிக்கு உடையாத கொங்கிறீட் பாதை

எங்கள் வளவில் படலையிலிருந்து வீட்டுப் படி வரை முப்பது அடி. செல் துண்டு முள்ளந்தண்டில் பட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்த என் அண்ணாவை மாரிகாலத்தில் அந்த முப்பது அடி கடத்த இரண்டு பேர் வேண்டும். சக்கர நாற்காலியின் முன்சில்லு சிறியது. ஈர மண்ணில் புதைந்தால் தள்ளவும் முடியாது, இழுக்கவும் முடியாது. ஒரு முறை சிறுநீர்த் தொற்றுடன் காய்ச்சலும் வந்து கிளினிக்குக்குக் கொண்டுபோக ஓட்டோ கூப்பிட்டோம். ஓட்டோ படலையடியிலேயே புதைந்தது. அண்ணாவைப் பாயில் கிடத்தித் தூக்கிக்கொண்டு றோட்டுக்குப் போனோம்.

மீள்குடியேறியவர்களில் பலருக்கு இது புதிய கதை அல்ல. இந்திய வீட்டுத்திட்டத்தில் புதிய வீடொன்றுக்கு 550,000 ரூபா கட்டம் கட்டமாகக் கொடுக்கப்பட்டது. அதுவும் அதைப் போன்ற ஏனைய திட்டங்களும் அத்திவாரம், சுவர், கூரை என்று கணக்கிட்டவை. வளவுக்குள் பாதை அந்தக் கணக்கில் வருவதில்லை. அது எங்கள் கைக்காசில், பெரும்பாலும் வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் அனுப்பும் காசில் போடவேண்டிய ஒன்று. இரண்டு தரம் போட வசதி யாருக்கும் இல்லை. நான் இரண்டு தரம் போட்டேன். முதலாவது இரண்டு மாரியில் உடைந்தது. இரண்டாவது 2018 இல் போட்டது, இன்றும் நிற்கிறது. அதற்குப் பிறகு ஊரில் பத்துப் பன்னிரண்டு வளவுகளில் பாதை போடும்போது பக்கத்தில் நின்றிருக்கிறேன். அந்த அனுபவத்தில் தெரிந்ததை, இனிப் போடவிருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

பாதைக்குக் கீழே என்ன இருக்கிறது?

முதலாவது பாதை போட்டபோது மேசன் அண்ணை சொன்னது: "தம்பி, சீமெந்தைக் கொஞ்சம் கூடப் போடுவம், ஒண்டும் நடக்காது." கூடத்தான் போட்டோம். ஆனாலும் முதல் மாரியில் நடுவில் ஒரு வெடிப்பு வந்தது. அடுத்த மாரியில் அந்த இடம் மூன்று அங்குலம் கீழே இறங்கிக் குளமானது. உடைத்துப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. அது எங்கள் பழைய பங்கர் இருந்த இடம்.

வன்னியில் பங்கர் வெட்டாத வளவு குறைவு. ஆறு அடி ஆழம், மேலே பனங்குற்றியோ தென்னங்குற்றியோ அடுக்கி, மண்மூட்டை போட்டு மூடியது. திரும்பி வந்தபோது அதற்குள் கிடந்ததோடு சேர்த்து, உடைந்த ஓட்டையும் கல்லையும் மண்ணையும் தள்ளி நிரப்பிவிட்டோம். மேலே மட்டமாகத் தெரிந்தது. உள்ளே குற்றிகள் உக்க உக்க வெற்றிடம் உண்டாகிறது. இறுக்காமல் கொட்டிய மண் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அமர்கிறது. அதற்கு மேலே நான்கு அங்குலக் கொங்கிறீட்டைப் போட்டால் அது அந்தரத்தில் நிற்கிற பலகை மாதிரி. ஓட்டோ ஏறும்போது முறியும். எத்தனை பை சீமெந்து கூட்டினாலும் முறியும். கொங்கிறீட்டுக்கு அமுக்கத்தைத் தாங்கும் பலம் அதிகம், வளைவைத் தாங்கும் பலம் மிகக் குறைவு. கீழே நிலம் ஒரே சீராகத் தாங்கினால்தான் பாதை நிற்கும்.

எனவே முதல் வேலை, வளவின் பழைய படத்தை நினைவுபடுத்துவது. பங்கர் எங்கே, பழைய மலசலகூடக் குழி எங்கே, தென்னை பாறி விழுந்த கிடங்கு எங்கே, செல் விழுந்த பள்ளம் எங்கே? வீட்டில் வயதானவர்களைக் கேளுங்கள். எங்கள் வளவில் அம்மாதான் ஈர்க்குமாற்றுத் தடியால் மண்ணில் கோடு கீறிக் காட்டினார். பங்கர் வாசல் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பது கூட அவருக்கு மறக்கவில்லை. அதில் அவர் எத்தனை இரவு இருந்திருப்பார் என்று நினைத்தேன், கேட்கவில்லை.

அலவாங்கை எடுத்துக் குத்திப் பார்க்கப் போகவேண்டாம். உங்கள் காணி வெடிபொருள் அகற்றி ஒப்படைக்கப்பட்டதா என்பதை முதலில் கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்துங்கள். ஒப்படைத்த காணியிலும் நிரப்பிய பங்கருக்குள் என்ன போயிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. தோண்டும்போது இனந்தெரியாத இரும்புப் பொருள் ஏதும் கண்டால் தொடாமல், நகர்த்தாமல், வேலையை நிறுத்தி, பிள்ளைகளைத் தூரப்படுத்தி, இடத்தைத் தூர நின்று அடையாளம் வைத்துப் பொலிசாருக்கு அறிவியுங்கள். பாதை ஒரு கிழமை பிந்தினால் பரவாயில்லை.

பங்கர் இருந்த இடம் தெரிந்தபின் மிக மலிவான தீர்வு, பாதையை அதிலிருந்து விலத்திப் போடுவது. எங்களுக்கு அது முடியவில்லை. ஒரு பக்கம் கிணறு, மறுபக்கம் எல்லை வேலி. ஆகவே கெட்டி நிலம் வரும் வரை தோண்டி, உக்கிய குற்றி, உரப்பை, தகரம் எல்லாம் வெளியில் எடுத்தோம். பிறகு கிறவலை ஆறு அங்குலம் போட்டு, தண்ணீர் தெளித்து, இறுக்கி, அடுத்த ஆறு அங்குலம் போட்டு, மறுபடி இறுக்கி மேலே வந்தோம். மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் இறுக்கினால் பலனில்லை. நிரப்பிய பிறகு ஒரு மாரியை அதன்மேல் போகவிட்டோம். முழுச் செலவிலும் மிகவும் பயன் தந்தது அந்தக் காத்திருப்புத்தான் என்பது என் கருத்து. அதற்குக் காசும் இல்லை.

மண்ணைப் பார்த்துத் தோண்டுங்கள்

எல்லா ஊர் மண்ணும் ஒன்றல்ல. சுன்னாகம், கோப்பாய்ப் பக்கத்துச் செம்மண்ணில் தண்ணீர் விரைவாக வடியும், கீழே சுண்ணக்கல்லும் கிட்ட இருக்கும். அங்கே பெரிய பாடு இல்லை. மன்னாரில் முருங்கன் பக்கத்துக் கருங்களி கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், மாரியில் ஊதும். அதன்மேல் நேரடியாகக் கொங்கிறீட் போடக்கூடாது. களியைக் கூடுதலாக வெட்டி அகற்றி, ஆறு முதல் எட்டு அங்குலம் வரை கிறவல் போடவேண்டும். முல்லைத்தீவு, வடமராட்சி கிழக்கு போன்ற கரையோர மணலில், மணல் பக்கவாட்டில் நழுவாமல் பாதையின் இரு ஓரமும் கல்லோ சீமெந்துக் கல்லோ வைத்துக் கட்டினால் நல்லது.

சாதாரண வன்னி மண்ணுக்கு நாங்கள் செய்த அளவு: மேல்மண்ணை வேரோடு ஆறு அங்குலம் வெட்டி எடுத்து, நான்கு அங்குலம் கிறவல் இறுக்கி, அதன்மேல் நான்கு அங்குலக் கொங்கிறீட். பாதை நிலத்தைவிட இரண்டு அங்குலம் உயர்ந்து நிற்கும். மண் இறுக்கும் இயந்திரம் நாள் வாடகைக்கு எடுக்கலாம். கிடைக்காவிட்டால் பாரமான கட்டையால் இடிக்கலாம், ஆனால் கை ஓயும் வரை இடிக்கவேண்டும். இறுகியதா என்று பார்க்க ஒரு சுலப வழி உண்டு. மணல் ஏற்றிய உழவு இயந்திரத்தை அதன்மேல் மெதுவாக ஓடவிட்டுப் பக்கத்தில் நின்று பாருங்கள். எங்கே சில்லு அமர்கிறதோ அங்கே மறுபடி தோண்டுங்கள்.

நான்கு அங்குலத் தடிப்பு மோட்டார் சைக்கிள், ஓட்டோ, கார், வானுக்குப் போதும். உழவு இயந்திரமோ நெல் லொறியோ உள்ளே வரும் வளவு என்றால் ஆறு அங்குலம். மூன்று அங்குலத்தோடு நிறுத்திக் காசை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். நான்கைவிட மூன்று அங்குலம் கால்வாசிதான் மெல்லியது, ஆனால் வளைவைத் தாங்கும் பலம் கிட்டத்தட்ட பாதியாகிவிடும்.

காசு போதாவிட்டால் தடிப்பைக் குறைக்காமல் அகலத்தைக் குறையுங்கள். கார் மட்டும் வரும் வீட்டுக்குச் சில்லு ஓடும் இடத்தில் இரண்டடி அகலப் பட்டி இரண்டு போட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். எங்கள் ஊருக்கு அது பொருந்தாது. ஓட்டோவின் முன்சில்லு நடுவில் ஓடுகிறது. அதைவிட நான்கடி அகலத்தில் ஒரே பாதையாகப் போடுவது மேல். சக்கர நாற்காலியும் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் அதில் போகும். வசதி வரும்போது பக்கத்தில் அகலிக்கலாம்.

கணக்கு

முப்பது அடி நீளம், பத்தடி அகலம், நான்கு அங்குலத் தடிப்பு என்றால் சரியாக 100 கன அடி, அதாவது ஒரு கியூப் கொங்கிறீட். வீட்டு வேலையில் வழக்கமாக 1:2:4 போடுவார்கள். வாகனம் ஏறும் பாதைக்கு 1:1½:3 போடுங்கள். ஒரு கியூப்புக்கு முதலாவது கலவையில் ஏறக்குறைய 18 பை சீமெந்து, இரண்டாவதில் 23 பை. ஐந்து பைதான் வித்தியாசம். மணல் அரைக் கியூப்புக்குச் சற்றுக் குறைய, முக்கால் அங்குலச் சல்லி ஏறக்குறைய 85 கன அடி. 2022 நெருக்கடியில் ஒரு பை 3,000 ரூபா அளவுக்குப் போன காலத்தில் என்றால் இந்த ஐந்து பை பெரிய காசுதான். அதற்காக 1:3:6 என்று இறங்கவேண்டாம். அது அத்திவாரத்துக்குக் கீழே போடும் கலவை.

அளப்பதற்கு மண்வெட்டிக் கணக்கு வேண்டாம். உள்ளளவு 15 அங்குலம், 12 அங்குலம், 12 அங்குலம் உள்ள பலகைப் பெட்டி ஒன்று அடித்தால் அது 50 கிலோச் சீமெந்துப் பை ஒன்றின் கன அளவு. ஒரு பைக்கு ஒன்றரைப் பெட்டி மணல், மூன்று பெட்டி சல்லி. பூச்சுக்கும் கட்டுக்கும் என்று விற்கும் மேசன் சீமெந்தை இதற்கு வாங்கவேண்டாம். பை கட்டிபட்டிருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

பலமாகக் கெடுவது தண்ணீரில்தான். ஒரு பைக்கு 25 லீற்றர் எல்லை, பத்து லீற்றர் வாளியில் இரண்டரை. மணல் ஈரமென்றால் இரண்டு வாளியே போதும். கலவை கொஞ்சம் கட்டியாக இருக்கும், தள்ளிப் பரப்பக் கஷ்டமாக இருக்கும், கூலிக்கு நிற்பவர்கள் முறைப்பார்கள். "இன்னும் ஒரு வாளி விடுவம்" என்ற சொல் எல்லா வளவிலும் கேட்கும். அந்த ஒரு வாளி, நீங்கள் கூடப் போட்ட ஐந்து பைச் சீமெந்தையும் தின்றுவிடும். வீட்டுக்காரர் அன்று முழுக்க நிற்கவேண்டிய இடம் மிக்சருக்குப் பக்கம். தேத்தண்ணி கொடுக்கும் வேலையை வேறு யாராவது பார்க்கட்டும்.

கிணற்றுத் தண்ணீர் உவர் என்றால், குடிக்கக்கூடிய தண்ணீர் பவுசரில் எடுப்பது நல்லது. கடல் மணலைக் கழுவாமல் பாவிக்கவே கூடாது, கம்பி போடுவதானால் நிச்சயமாகக் கூடாது. உப்பு கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும், துரு ஊதிக் கொங்கிறீட்டைப் பிளக்கும்.

கம்பி வலை வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நிலம் சரியாக இறுக்கி, துண்டு துண்டாகப் போட்டால் நான்கு அங்குலப் பாதைக்கு வலை கட்டாயமில்லை. வலை வெடிப்பைத் தடுப்பதில்லை, வெடித்தபின் இரண்டு பக்கமும் விலகாமல் பிடிக்கிறது. போடுவதானால் மேற்பரப்பிலிருந்து இரண்டு அங்குலத்துக்குள் அது நிற்கவேண்டும், சின்னச் சீமெந்துக் கட்டிகளின் மேல் வைக்கவேண்டும். நான் பார்த்த பல வளவுகளில் வலையை நிலத்தில் விரித்து, மேலே கொங்கிறீட்டைக் கொட்டி, பிறகு கொக்கியால் இழுத்துத் தூக்கினார்கள். கால் வைத்தவுடன் அது பழையபடி கீழே போய்விடும். அந்த வலைக்குக் கொடுத்த காசைக் கிறவலில் போட்டிருக்கலாம்.

போடும் நாளும் அடுத்த பத்து நாளும்

கொங்கிறீட் காயும்போது சுருங்கும். சுருங்கினால் எங்காவது வெடிக்கும். எங்கே வெடிக்கவேண்டும் என்று நாம் முதலே சொல்லிக்கொடுப்பதுதான் மூட்டு. நான்கு அங்குலத் தடிப்புக்கு எட்டு முதல் பத்தடிக்கு ஒரு மூட்டு. நகரத்தில் இயந்திரத்தால் ஒரு அங்குல ஆழத்துக்கு வெட்டுவார்கள். எங்கள் ஊரில் அது கிடைக்காது. பத்தடிக்குப் பத்தடியாக மூன்று துண்டு பிரித்துப் பலகை அடித்தோம். முதல் நாள் படலைத் துண்டையும் வீட்டுத் துண்டையும் போட்டு, மூன்று நாள் கழித்து நடுத்துண்டைப் போட்டோம். இரண்டுக்கும் இடையில் பொலித்தீன் துண்டு. வீட்டுச் சுவரோடு சேரும் இடத்தில் அரை அங்குல றெஜிபோம் வைத்தோம். பாதை அத்திவாரத்தோடு ஒட்டினால் ஒன்று அமரும்போது மற்றதையும் பிடித்து இழுக்கும்.

கிறவலின் மேல் பொலித்தீன் விரிக்கவும், இல்லாவிட்டால் நன்றாக நனைக்கவும். காய்ந்த கிறவல் கலவைத் தண்ணீரை உறிஞ்சிவிடும். விடியற்காலை ஐந்தரைக்குத் தொடங்கிப் பத்து மணிக்குள் முடியுங்கள். சோளகக் காற்று அடிக்கும் நாளில் மத்தியானம் போட்டால், மேற்பரப்பு ஒரு மணித்தியாலத்தில் காய்ந்து மெல்லிய வெடிப்புகள் வலை மாதிரி விழும்.

பரப்பியபின் மட்டப்பலகையால் தட்டி இழுத்து, மேலே ஊறும் தண்ணீர் தானாக மறையும் வரை காத்திருங்கள். அந்தத் தண்ணீரின் மேல் வெறும் சீமெந்தைத் தூவிச் சாந்தகப்பையால் மினுக்கும் பழக்கம் எங்களிடம் உண்டு. பார்க்க அழகுதான். இரண்டு வருடத்தில் அந்தத் தோல் உரியும். மழையில் வழுக்கும். ஊன்றுகோலும் செயற்கைக் காலும் உள்ள வீட்டில் மினுக்கிய தரை ஆபத்து. மரக்கட்டையால் தேய்த்துவிட்டு, தும்புத்தடியால் குறுக்காக ஒரே தரம் மெதுவாக இழுத்துவிடுங்கள். அந்தக் கீறல்கள் காலையும் சில்லையும் பிடிக்கும்.

தண்ணீர் ஓட ஒரு அடிக்குக் கால் அங்குலம் குறுக்குச் சரிவு வையுங்கள். வீட்டுப் பக்கமும் கிணற்றுப் பக்கமும் சரிக்கவேண்டாம். அயல் வளவுக்குள்ளும் விடவேண்டாம், அதில் தொடங்கிய வேலிச் சண்டைகள் எனக்குத் தெரியும். படலையடியில் றோட்டு வாய்க்கால் இருந்தால், அதை மூடிக் கொங்கிறீட் போடாமல் குழாய் வைக்கவேண்டும். பிரதேச சபையிடம் முதலே கேட்டு அனுமதி எடுங்கள்.

அன்று பின்னேரமே ஈரச் சாக்கால் மூடுங்கள். அடுத்த நாள் களிமண்ணால் சுற்றிவர வரம்பு கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். ஏழு நாள் குறைந்தபட்சம். எங்கள் கோடைக்குப் பத்து நாள், கலப்புச் சீமெந்து என்றால் பதினான்கு. கொங்கிறீட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு சேர்ந்தே இறுகுகிறது. இது விளங்காததால்தான் என் முதலாவது பாதைக்கு ஒரே நாள் தண்ணீர் விட்டேன். இரண்டாவது தடவை இந்த வேலையை அண்ணா எடுத்துக்கொண்டார். விறாந்தையில் நாற்காலியில் இருந்தபடியே குழாயைப் பிடித்து, காலை, மத்தியானம், பின்னேரம் என்று பதினான்கு நாள். ஆடு வந்தால் அதையும் அதே குழாயால் கலைத்தார்.

மூன்றாம் நாள் நடக்கலாம், ஏழாம் நாள் மோட்டார் சைக்கிள், பத்தாம் நாள் ஓட்டோ. கார், வான் இருபத்தெட்டு நாளுக்குப் பிறகு. மணல் டிப்பரை எப்போதும் படலைக்கு வெளியே நிறுத்துங்கள்.

சக்கர நாற்காலி உள்ள வீட்டுக்கு இன்னும் ஒன்று. படியின் உயரம் ஒரு அங்குலத்துக்குச் சாய்தளம் ஒரு அடி நீளம் வேண்டும். எங்கள் விறாந்தை 18 அங்குல உயரம், ஆகவே சுவரோரமாக 18 அடி நீளத்துக்கு, நான்கடி அகலத்தில் தனிச் சாய்தளம். மேலே கதவடியில் ஐந்தடி மட்டமான இடம், ஓரத்தில் மூன்று அங்குலக் கட்டு. இடமில்லை என்று எட்டு அடியில் முடித்த சாய்தளங்களை நான் பார்த்திருக்கிறேன். அதில் தனியே ஏற ஒருவராலும் முடியாது, பின்னால் ஆள் தள்ளவேண்டும். நீளம் போதாவிட்டால் நடுவில் மட்டமான இடம் வைத்துத் திருப்புங்கள். சாய்தளத்துக்குள் நிரப்பும் மண்ணையும் ஆறு அங்குலமாகவே இறுக்கவேண்டும்.

எங்கள் பாதையில் படலைத் துண்டும் வீட்டுத் துண்டும் போட்ட நாள் மாதிரியே இருக்கின்றன. பங்கர் இருந்த நடுத்துண்டு, அத்தனை கவனத்துக்குப் பிறகும், வீட்டுப் பக்க மூட்டில் கால் அங்குலம் இறங்கியிருக்கிறது. அண்ணாவின் முன்சில்லு அதில் சின்னதாகத் தட்டிவிட்டு ஏறுகிறது. ஒவ்வொரு தைமாதமும் அளந்து எழுதிவைக்கிறேன். மூன்று வருடமாகக் கணக்கு மாறவில்லை. அரை அங்குலமானால் சில்லு இடித்து நிற்கும். அப்போது அந்த ஒரு துண்டை மட்டும் உடைத்துப் போட எட்டுப் பைச் சீமெந்து போதும்.